துருசு உடைந்தால் கடிதம் யாருக்கு? வன்னியில் மாகாண நிர்வாகத்தை அணுகும் முறை

குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகான துருசு பழுதாகி, திருத்தித் தருமாறு கமக்காரர் அமைப்பு கடிதம் எழுத முற்படும்போது, முதலில் அறிய வேண்டியது அக்குளம் எந்த நிர்வாகத்துக்கு உரியது என்பதாகும். இலங்கையின் வட மாகாணத்திலுள்ள வன்னியில் கோரிக்கைகள் மாதக்கணக்கில் தேங்குவதற்குப் பல வேளைகளில் அலுவலர்களின் அலட்சியத்தைவிடத் தவறான முகவரியே காரணமாகிறது.

இலங்கை சமஷ்டி நாடன்று. அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை அதனை ஒற்றையாட்சி அரசு என்கிறது. ஆயினும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், இந்தியாவில் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகாரம் பகிரப்படுவதைப் போலவே, விடயங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது. ஒன்பதாம் அட்டவணையிலுள்ள அவை மாகாண நிரல், மத்திக்கு ஒதுக்கிய நிரல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய நிரல் என்பனவாகும். எனினும் ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. தேசியக் கொள்கை வகுப்பது மத்திக்கு ஒதுக்கப்பட்ட விடயம். காணி, பொலிஸ் ஆகிய இரண்டும் எழுத்தில் மாகாணத்துக்கு இடம் தந்தாலும் நடைமுறையில் கொழும்பின் கையிலேயே இருக்கின்றன. எனவே காணி உத்தரவுப்பத்திரத்துக்காகக் கைதடியிலுள்ள மாகாண அலுவலகங்களுக்கு அலைவதில் பயனில்லை. பிரதேச செயலகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இங்கே பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. பிரதேச செயலாளர், அவருக்கு மேலுள்ள அரசாங்க அதிபர், ஊரில் நாம் விதானையார் என்றழைக்கும் கிராம அலுவலர் ஆகிய மூவரும் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். கரைச்சி, துணுக்காய், புதுக்குடியிருப்பு போன்ற பிரதேச சபைகளோ மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றங்கள். அவற்றை மேற்பார்வை செய்வது மாகாண நிர்வாகம்.

இனிக் குளத்துக்கு வருவோம். நீர்ப்பாசனப் பரப்பு 80 ஹெக்டயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட சிறு குளமாயின் கமநல சேவை நிலையத்தை அணுக வேண்டும். அது மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் இயங்குவது. அதற்கு மேற்பட்டதாயின் ஆற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடி முடிவதால், அதன் நீரைத் தேக்கும் இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. மன்னாரின் கட்டுக்கரைக்குளமோ அநுராதபுரப் பக்கமிருந்து வரும் அருவியாற்றின் நீரைப் பெறுகிறது. மாகாண எல்லை கடக்கும் ஆறுகள் மத்திக்குரியவை என்பதால் அங்கே மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கே எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மாகாணத்தின் குளமான இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மத்திய அரசின் அலுவலரான அரசாங்க அதிபர். ஆகவே துருசுக் கடிதத்தின் பிரதியொன்றை அவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

வீதிகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஏ, பி தர வீதிகள், அதாவது ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு வீதியான ஏ34 போன்றவை, மத்திய வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஊரின் உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியவை. பாடசாலை மத்திக்குரிய தேசிய பாடசாலையா என்று பார்த்து, இல்லையென்றால் மாகாணத்தின் வலயக் கல்விப் பணிமனைக்குச் செல்லுங்கள்.

மாகாண நிர்வாகத்துக்குரிய கோரிக்கை என்று உறுதியான பின், யாரிடம் முறையிடுவது? சாதாரண காலத்தில் முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் கொண்ட வாரியம் இருக்கும். மாகாண சபை, நியதிச்சட்டம் எனப்படும் மாகாணச் சட்டங்களை இயற்றும். உறுப்பினர் ஊருக்கு வருவார். வட மாகாண சபைக்கு முதலும் கடைசியுமாக 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்து, 38 ஆசனங்கள் கொண்ட அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் கோரிய புதிய தொகுதி எல்லைகளைப் பாராளுமன்றம் ஏற்காததால் பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் தேர்தல் தடைப்பட்டது. அதன் பின் ஆளுநரும், பிரதம செயலாளரும், அமைச்சுகளின் செயலாளர்களுமே நிர்வாகத்தை நடத்தி வருகின்றனர். வாக்காளனிடம் பதில் சொல்லக் கடமைப்பட்ட மாகாண உறுப்பினர் எவரும் இல்லாத இந்த நிலை, என் பார்வையில், அதிகாரக் குறைவைவிடப் பெரிய குறை.

ஆகையால் கடிதத்தை மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு முகவரியிட்டு, மாகாண அமைச்சின் செயலாளருக்கும் ஆளுநர் செயலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். குளத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, பாதிக்கப்படும் ஏக்கர் அளவு, துருசின் கதவு, கட்டு, வாய்க்கால் ஆகியவற்றில் எது பழுது என்பதைக் குறிப்பிட்டுப் படமும் இணையுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்ப வேண்டாம். மாகாணத்தின் பெரும்பகுதி நிதி, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுடன் மத்தியிலிருந்தே வருகிறது; நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அலுவலகங்களில் பி.எஸ்.டி.ஜி. என்று சொல்லப்படும் அபிவிருத்தி நன்கொடைக்கான அடுத்த ஆண்டுத் திட்டம் தயாராகுமுன் கடிதம் போய்ச் சேராவிட்டால், நல்ல மனமுள்ள அலுவலராலும் பணம் ஒதுக்க இயலாது.

இரு நிர்வாகங்களும் ஒரே மேசையில் அமரும் இடம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். பாராளுமன்ற உறுப்பினர் வழியாக அங்கே விடயத்தை எழுப்பலாம். ஆனால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் அடங்குவதை நினைவில் கொள்க.

பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம், “இக்குளத்துக்கு இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எங்கள் கடிதத்தின்மீது எடுக்கப்பட்ட தீர்மானம் என்ன” என்று எழுத்தில் கேளுங்கள். வழங்குவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கப்பால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.