மறைநூல்களில் பெண்கள்: ஒரு வரியை மட்டும் உருவி எடுக்காதீர்கள்

மனுஸ்மிருதி பற்றிய சண்டை பெரும்பாலும் இரண்டே வரிகளில் நடக்கும். "பெண்கள் போற்றப்படும் இடத்தில் தேவர்கள் மகிழ்கிறார்கள்" என்று ஒருவர் 3.56-ஐ (மூன்றாம் அத்தியாயம், 56-ஆம் சுலோகம்) எடுப்பார். "பெண் சுதந்திரத்துக்கு உரியவள் அல்ல" என்று இன்னொருவர் 9.3-ஐ நீட்டுவார். இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன. சரி, முரண்பாடா? 3.59 வரை படித்தால் தெரியும்: போற்றுவது என்றால் நகை, உடை, உணவு கொடுத்து வீட்டுப் பெண்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது. அந்தக் கவனிப்பும் கட்டுப்பாடும் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகின்றன.

யார் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் விடுவதும் உண்டு. "பெண்களோடு நட்பு கிடையாது, அவர்கள் நெஞ்சம் கழுதைப்புலியின் நெஞ்சம்" என்று ரிக் வேதத்தில் (10.95.15) வருகிறது. சொல்வது ரிஷி அல்ல, ஊர்வசி. சாகப்போவதாக மிரட்டும் தன் கணவன் புரூரவஸை விட்டு விலகும்போது அவளே சொல்வது.

பின்னால் வந்த கதையை மூலத்தின் தலையில் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இலட்சுமணன் கோடு வால்மீகியில் இல்லை. அகலிகை அங்கே கல்லாவதும் இல்லை. யார் கண்ணிலும் படாமல் சாம்பலில் கிடக்கிறாள். இயேசுவின் சீடரான மகதலேனா மரியாளை விலைமகள் என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. 591-இல் போப் கிரகோரி ஆற்றிய மறையுரையில்தான் வேறு பெண்களின் கதை அவர்மேல் ஏறியது. குர்ஆனில் விலக்கப்பட்ட மரத்தின் கனியை ஆதாம், ஏவாள் இருவருமே உண்கிறார்கள், பழி ஏவாள்மேல் மட்டும் விழவில்லை.

அப்புறம், உரையை மூலமாக எடுத்துக்கொள்வது. கல்வியறிவுள்ள மகள் வேண்டுமென்றால் எள்ளுச் சோற்றில் நெய் விட்டுக் கணவனும் மனைவியும் சாப்பிட வேண்டும் என்கிறது பிரகதாரண்யக உபநிடதம் (6.4.17). அந்த அறிவு வீட்டு நிர்வாகம் பற்றியது, வேதம் ஓத அவளுக்கு உரிமையில்லை என்கிறது சங்கரர் உரை. மூலத்தில் அந்த வரம்பே இல்லை. அதே நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஜனகர் சபையில் யாக்ஞவல்கிய முனிவரைக் கேள்விகளால் துளைப்பவள் கார்க்கி என்ற பெண்.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, மூலம் எவ்வளவு உயர்ந்தது!" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த மகளுக்கான வரிக்குப் பத்து வரி முன்னால், 6.4.7-ஐயும் அவர்கள் படிக்க வேண்டும். கூடலுக்கு மனைவி இணங்காவிட்டால் பரிசு கொடு, அப்படியும் மறுத்தால் கோலாலோ கையாலோ அடி என்று எழுதியிருக்கிறது.