இதயச் செயலிழப்பு: வீட்டுக் கண்காணிப்புக்குக் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்துவது எப்படி?

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைப் பார்த்து 'பம்பிங் குறைவாக இருக்கிறது' என்று மருத்துவர் சொன்னதும், இதயம் நின்றுவிடப் போகிறது என்றே பல வீடுகளில் பயந்துவிடுகிறார்கள். இதயச் செயலிழப்பு என்ற சொல்லும் அந்தப் பயத்தைக் கூட்டத்தான் செய்கிறது. உடலுக்குத் தேவையான ரத்தத்தை அனுப்ப இதயம் திணறுகிறது என்பதே அதன் பொருள். அப்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிவைக்க, அந்த நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் சேர்கிறது. நீர் சேரத் தொடங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் இடையே பெரும்பாலும் சில நாட்கள் இருக்கின்றன. அந்தச் சில நாட்களைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான் செயலி.

செயலியை இறக்கும் முன்பே, அதில் பதியும் எடை, ரத்த அழுத்தம் போன்ற எண்களை யார் பார்ப்பார்கள் என்பதை முடிவுசெய்துவிட வேண்டும். அமெரிக்காவில் 1653 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான டெலி-ஹெச்எஃப் ஆய்வில், அவர்களில் பாதிப் பேர் தினமும் தானியங்கித் தொலைபேசியில் எடையையும் அறிகுறிகளையும் தெரிவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. அந்த ஏற்பாடு தரப்பட்டவர்களில் 14 சதவீதத்தினர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஜெர்மனியில் 1571 பேரிடம் நடந்து 2018இல் வெளியான டிம்-ஹெச்எஃப்2 ஆய்விலோ, பாதிப் பேருடைய எடையும் ரத்த அழுத்தமும் இசிஜியும் தினமும் ஒரு மையத்துக்குச் சென்றன. அங்கே இரவுபகலாக மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். அந்த ஆய்வில் இறப்பு குறைந்தது. நம் வீடுகளுக்குப் பின்னால் அப்படியொரு மையம் கிடையாது. ஆகவே மகளோ மருமகனோ, மருத்துவமனைச் செவிலியர் ஒருவரோ தினமும் அந்த எண்ணைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வேலையும் கைப்பேசியில் இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வீக்கம் இல்லாத நாளில் இருக்க வேண்டிய எடை எவ்வளவு, எடை எவ்வளவு கூடினால் அழைக்க வேண்டும், அப்போது நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) நாமே கூட்டலாமா கூடாதா, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எந்த அளவுக்குக் கீழே போனால் தெரிவிக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் எச்சரிக்கை என்பது ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல்களில் சொல்லப்படும் பொதுவான கணக்கு. மெலிந்த உடல்வாகு உள்ளவருக்கு மருத்துவர் அதைவிடக் குறைந்த எல்லையைச் சொல்லக்கூடும். செயலியில் ஏற்றவேண்டியது அவர் சொன்ன எண்ணைத்தான்.

செயலியைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் மெனக்கெட வேண்டாம். எடை, ரத்த அழுத்தம், அறிகுறி, மாத்திரை நேரம் ஆகியவற்றைப் பதியவும், எச்சரிக்கை எல்லையை நாமே மாற்றவும், ஒரு மாதப் பதிவை இன்னொருவருக்கு அனுப்பவும் முடிந்தால் போதும். தமிழில் இருந்தால் நல்லது. எழுத்துப் பெரிதாக இருப்பது அதைவிட முக்கியம். எடையைக் குறித்துவைப்பதற்குத் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் கேட்கும் செயலியை ஒதுக்கிவிடுங்கள். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பயன்படுத்தாத செயலிகளைத் தாமாகவே முடக்கிவிடுகின்றன. மாத்திரை மணி சில நாட்கள் அடித்துவிட்டுப் பிறகு ஓய்ந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். நூறு கிராம் வித்தியாசத்தைக் காட்டும் சாதாரண டிஜிட்டல் எடை மெஷினே போதும். அதைப் பாய்மீது வைக்காமல், தினமும் தரையில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு திங்கட்கிழமை 61.2 இருந்தது, செவ்வாய் 61.9, வியாழன் 63.4. "நேத்து கல்யாண வீட்டுல கொஞ்சம் நல்லா சாப்பிட்டேன், அதுதான்" என்றார். கல்யாணச் சாப்பாடு மட்டும் மூன்று நாளில் இரண்டு கிலோ சதை போடாது. அப்பளத்திலும் ஊறுகாயிலும் இருந்த உப்பு நீரைப் பிடித்துவைத்திருந்தது. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தியபோது குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பியது. அன்றே மருத்துவரை அழைத்தோம். நான்கு நாட்களுக்கு நீர் மாத்திரையைக் கூட்டிச் சொன்னார், எடை இறங்கியது.

எடையோடு அறிகுறியையும் பதிய வேண்டும். 'மூச்சுத்திணறல் உண்டா' என்று கேட்டால் பெரியவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். நேற்று இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், நடுவில் மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தாரா, செருப்பு வார் இறுக்குகிறதா என்று கேட்டுக் குறித்தால் உண்மை தெரியும். எடை வேகமாக இறங்குவதும் தெரிவிக்க வேண்டிய செய்தியே. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நாளில் நீர் மாத்திரையை வழக்கம்போலத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை மணி அடித்ததும் பழக்கத்தில் 'சாப்பிட்டாயிற்று' என்று தட்டிவிட்டு மறந்துவிடுவோரும் உண்டு. மாத்திரையை விழுங்கிய பிறகே தட்டுவது என்பதை முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும். முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கும். எடை காரணமின்றிக் கூடும்போது முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும். 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கும். உடலில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

உணவுப் பதிவைப் பொறுத்தவரை நான் செயலிகளை அதிகம் நம்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்கிறது. மோர் மிளகாயிலும் கருவாட்டிலும் எவ்வளவு உப்பு என்று எந்தச் செயலியும் சரியாகச் சொல்வதில்லை. நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு பாட்டிலே நல்ல கணக்கு: சொன்ன அளவு தண்ணீரைக் காலையில் நிரப்பி வைத்து, காபியோ ரசமோ கஞ்சியோ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடலாம்.

கேமராவில் விரலை வைத்தாலே ரத்த அழுத்தம் காட்டும் என்று சொல்லும் செயலிகளை நம்ப வேண்டாம். புஜத்தில் பட்டை கட்டும் கருவியில் அளந்து, அந்த எண்ணைக் கையால் பதிவுசெய்யுங்கள். துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்குக் கேமரா காட்டும் நாடிக் கணக்கும் தவறலாம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தாலோ எதையும் பதிந்துகொண்டிருக்கக் கூடாது. தமிழகத்தில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழைத்துவிட்டு, காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது கடைசி முப்பது நாள் வரைபடத்தை அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், கைப்பேசியைத் திறந்து கடவுச்சொல்லைத் தேடுவதைவிடக் காகிதத்தில் ஏறும் கோட்டைக் காட்டுவது எளிது. மாதாமாதம் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தால், செயலி நின்றுபோனாலும் கைப்பேசி மாறினாலும் கணக்கு கையில் இருக்கும்.