முகத்தை மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள்: புது மாடல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஆடித் தள்ளுபடி முடிவதற்குள்ளேயே தீபாவளி ஷூட் தொடங்கிவிடும். இந்த வருடம் என்னோடு நின்ற புதுப் பெண்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துகளை வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரத்துக்குப் போ, தண்ணீர் குடி, சீக்கிரம் தூங்கு என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாய்ப்புக்காகக் காசு கட்டுவது

கட்டாதீர்கள். வேலை தருகிறவர்தான் உங்களுக்குக் காசு தர வேண்டும்.

ஷூட்டுக்கு முன் ஒரு 'வெள்ளை' க்ரீம்

தோழி கொடுத்தாள், பார்லர் அக்கா கொடுத்தார் என்று லேபிள் இல்லாத டப்பாவை முகத்தில் பூசிக்கொண்டு வருகிறார்கள். இந்த மாதிரி டப்பாக்களில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் அடிக்கடி சிக்குகின்றன. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். பாதரசம் கலந்த க்ரீம் சிறுநீரகத்தையே பதம் பார்க்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் நிறத்துக்கு ஏற்றபடி லைட் வைப்பது போட்டோகிராபரின் வேலை. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லியே க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. நமக்கு வேலை பிடித்துத் தரும் கோஆர்டினேட்டர்கள் சிலரின் வாய்தான் இன்னும் மாறவில்லை.

படிக்காமல் போடும் கையெழுத்து

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பேக்கப் சொன்னதும் தலையிலிருந்து கொண்டை ஊசிகளை உருவிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் தாளை நீட்டுவார். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம்." போட்டுவிடுவோம். அதில் என்ன இருக்கிறது? எல்லா ஊடகங்களிலும், எல்லா நாடுகளிலும், எக்காலத்துக்கும் இந்தப் படங்களைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கேட்டலாக் என்று சொல்லி அரை நாள் சம்பளத்துக்கு நின்றாள். அந்தப் படம் கடை வாசல் ஃப்ளெக்ஸுக்குப் போனது, பேருந்தின் முதுகுக்குப் போனது, அதே முதலாளியின் நகைக்கடைக்கும் போனது. கூடுதலாக ஒரு ரூபாய் வரவில்லை. சில வருடம் கழித்து வேறொரு பெரிய நகைக்கடை அவளைத் தேர்ந்தெடுத்து, அளவெல்லாம் எடுத்த பிறகு வேண்டாம் என்றது. போட்டிக் கடையின் சுவரில் அவள் முகம் இன்னும் தொங்குகிறதாம். பிறகு சொந்தமாகச் சேலை விற்கத் தொடங்கினாள். "நீங்க அந்தக் கடைப் பொண்ணுதானே, இதுவும் அவங்களுதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சொந்தத் தொழிலுக்கு அவளிடம் இருந்த முதலே அந்த முகம்தான்.

படத்தின் பதிப்புரிமை பொதுவாக, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே போகும். உங்கள் கையில் இருப்பது சம்மதம் மட்டும். ஆகவே ஷூட் தேதி உறுதியாகும்போதே, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்: எங்கெல்லாம் வரும்? எத்தனை மாதம்? எந்த மாநிலம்? அந்தக் காலத்தில் போட்டிக் கடைக்கு நான் நிற்கலாமா? நாள் சம்பளம் வேறு, பயன்பாட்டுக் கட்டணம் வேறு. ஒரு வருட வெப்சைட்டுக்கு ஒரு தொகை, ஹோர்டிங்குக்கும் டிவிக்கும் அதைவிட அதிகம், காலம் முடிந்து நீட்டித்தால் மறுபடியும் காசு. இப்படிக் கேட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இப்போது அந்தத் தாளில் புதிதாக இன்னொரு வரியும் நுழைகிறது: உங்கள் முகத்தை வைத்து ஏஐ படங்கள் உருவாக்கலாம் என்று. இதற்குச் சரி என்றால் அடுத்த சீசனுக்கு நீங்களே தேவையில்லை. உடை நிறுவனமான ஹெச் அண்ட் எம் 2025-இல் மாடல்களின் டிஜிட்டல் நகல்களைச் செய்தபோது, நகலின் உரிமை அந்தந்த மாடலுக்கே என்று அறிவித்தது. அதே வருடம் ஜூனில் நியூயார்க்கில் அமலுக்கு வந்த சட்டம், இதற்கு மாடலின் எழுத்துபூர்வச் சம்மதம் தனியாக வேண்டும் என்கிறது. மாடல்களுக்கென்று அப்படியொரு சட்டம் இங்கே இல்லை. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரும் பாணியும் பயன்படுத்தப்பட்ட ஒரு திரைப்படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார், உண்மைதான். ஆனால் ஊரே அறிந்த முகம் அவருடையது. முதல் கேட்டலாக்கில் நிற்கும் பெண்ணுக்குத் துணை அந்தத் தாள் மட்டும்தான். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பலர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

பான் எண் கொடுக்காமல் இருப்பது

சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரியான டி.டி.எஸ் 10 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிடும். கொடுங்கள். வருமான வரி ரிட்டர்னும் போடுங்கள்.

பிராண்ட் தொடங்கும் அவசரம்

இன்ஸ்டா பக்கம், லோகோ, பை எல்லாம் அச்சடித்த பிறகுதான் அந்தப் பெயர் வேறொருவருடையது என்று தெரிய வருகிறது. முதலில் டிரேட்மார்க் தளத்தில் தேடுங்கள். உடைகளுக்கு 25-ஆம் வகுப்பு, அழகுப் பொருட்களுக்கு 3. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க வகுப்புக்கு 4,500 ரூபாய்தான்.

அடுத்தது, பாட்டி வைத்தியம் என்று வீட்டில் செய்த கண்மையையும் சோப்பையும் கூரியரில் அனுப்புவது. அழகுப் பொருள் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். மாடல் விற்கிறாள் என்பதற்காக விலக்கு கிடையாது. வழி இருக்கிறது: உரிமம் உள்ள தொழிற்சாலையில் தயாரித்து உங்கள் பெயரில் விற்கலாம். லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர்கள் குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். ஆசையில் லிப்ஸ்டிக் எட்டு நிறம் என்று சொல்லிவிட்டு வீட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்காதீர்கள். ஒரே ஒரு கண்மையோடு ஆரம்பியுங்கள், அது விற்றுத் தீரட்டும்.