“சும்மா ஒரு மீம்தானே?”: கழுத்தை நெரிப்பதைக் காதலாகக் காட்டும் படங்களும் நாம் செய்யும் தவறுகளும்

ஒரு மீம். மேல் கட்டத்தில், பிறந்தநாளுக்கு வைர நெக்லஸ் வாங்கித் தரட்டுமா என்று காதலன் கேட்கிறான். கீழ்க் கட்டத்தில் காதலி சிரிக்கிறாள். அவள் கழுத்தைச் சுற்றி ஓர் ஆணின் கை. ‘எனக்கு இந்த நெக்லஸ் போதும்’ என்று எழுதியிருக்கிறது. பார்க்க இரண்டு வினாடி, சிரிக்க ஒரு வினாடி, நண்பனுக்குத் தட்டிவிட இன்னொரு வினாடி. இதே விஷயம் பூனைக்குட்டி படத்தோடு, கார்ட்டூனோடு, திரைப்படக் காட்சியோடு என்று பல வேடங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதினைந்து வயதில் இதைப் பார்ப்பவருக்கு முதலில் சரியாகப் புரியாது. கீழே உள்ள கமென்ட்டுகளைப் படிப்பார். அங்கே ஆயிரம் பேர் சிரித்திருப்பார்கள். புரியாதவரைப் பார்த்து ‘நீ இன்னும் குழந்தை’ என்று யாரோ கேலி செய்திருப்பார். யாரும் பாடம் எடுக்கவில்லை, ஆனால் பாடம் நடந்து முடிந்துவிட்டது. உடலுறவில் கழுத்தை நெரிப்பது என்று ஒன்று உண்டு, பெண்களுக்கு அது பிடிக்கும், அதனால் ஒன்றும் ஆகாது, தெரியாதவர்கள் பழைய ஆட்கள். இந்த நான்கும் ஒரே மூச்சில் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன. மூன்றாவது முழுப் பொய். இரண்டாவதைப் பெண்களைக் கேட்காமலேயே அவர்கள் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் இளைஞர்களும் பெரியவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு நாம் விட்டுவைத்த இடத்தில்தான் மீம்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

‘காமெடியை யார் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள்?’

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். ‘உடலுறவின்போது கழுத்தை அழுத்துவதால் எந்த ஆபத்தும் இல்லை’ என்று ஒருவர் நம்மிடம் நேராகச் சொன்னால், அப்படியா, யார் சொன்னது என்று கேட்போம். மீமில் அந்த வாக்கியமே இருக்காது. அது உண்மை என்று ஏற்றுக்கொண்டால்தான் நகைச்சுவை வேலை செய்யும். சிரித்த நொடியிலேயே அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். வாதம் நடந்த இடம் தெரியாததால் எதிர்வாதம் செய்யவும் தோன்றுவதில்லை.

கூடவே, ஒரே விஷயத்தைப் பலமுறை கேட்கும்போது அது உண்மையாகத் தோன்ற ஆரம்பிக்கிறது. 1977-இல் உளவியலாளர்கள் முதன்முதலில் சோதித்துக் காட்டிய மனித இயல்பு இது. அதன்பிறகு பல ஆய்வுகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. படித்தவர்களும் புத்திசாலிகளும் இதற்கு விதிவிலக்கு இல்லை. ஒரு மீமில் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கண் நின்றாலே அதே ரகத்தில் இன்னும் பத்தை அல்காரிதம் கொண்டுவந்து கொட்டுகிறது. மறுநாள் அது ஊரே பேசும் விஷயம்போலத் தெரியும்.

அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபி ஹெர்பெனிக் பல ஆண்டுகளாக இளைஞர்களின் பாலியல் பழக்கங்களை ஆராய்ந்து வருபவர். அவருடைய குழு, கழுத்தை நெரிப்பது பற்றிய மீம்களை மட்டும் தனியாகத் திரட்டி ஆய்வு செய்திருக்கிறது. சிரிப்புப் படங்களை உட்கார்ந்து ஆராய்வதா என்று தோன்றலாம். பாலியல் கல்வி கிடைக்காத ஒரு தலைமுறை எதைப் படித்து வளர்கிறதோ அதைத்தானே ஆராய வேண்டும்?

‘எல்லோரும் செய்கிறார்கள்’

இதை வெறும் பிரமை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட 4,702 பேரிடம் எடுத்து 2024-இல் வெளியான ஆய்வில், உடலுறவின்போது ஒருமுறையாவது தங்கள் கழுத்து நெரிக்கப்பட்டதாக 57 விழுக்காட்டினர் சொன்னார்கள். இதைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள் என்ற கேள்விக்கு ஆபாசக் காணொளிகள்தான் முதல் பதில். திரைப்படம், நண்பர்கள், சமூக ஊடகம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. இந்த நான்கு இடங்களில் மருத்துவம் தெரிந்த யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த எண்ணை வைத்து ‘அப்படியானால் இது சாதாரணம்தான்’ என்று முடிவுகட்டுவதுதான் தவறு. எத்தனை பேருக்கு நடந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அவர்கள் கேட்டு நடந்ததா, கேட்காமல் நடந்ததா, பயந்துபோய்ச் சும்மா இருந்தார்களா என்பதெல்லாம் வேறு கேள்விகள். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதால் மண்டை ஓடு கெட்டியாகிவிடுவதில்லை.

‘மூச்சு விட முடிந்தால் ஆபத்தில்லை’

உயிரோடு விளையாடும் தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கழுத்தை நெரித்தால் மூச்சு நிற்கும், அதனால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மூச்சுக்குழாய் அடைபடுவதற்கு முன்பே வேறொன்று நடந்துவிடும். கழுத்தின் இரு பக்கங்களிலும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. அவற்றை ஒட்டி, மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் ஜுகுலார் சிரைகள். இவற்றுக்கு மேலே எலும்புக் கவசம் ஏதும் கிடையாது. தோலும் கொஞ்சம் தசையும்தான். சிரைகளை அமுக்க மிகக் குறைந்த அழுத்தமே போதும், தமனிகளுக்கும் பெரிய பலம் தேவையில்லை. மூச்சுக்குழாயை முழுவதும் அடைக்கத்தான் அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவரின் மூளைக்கு ரத்தம் போவது நின்றுபோகலாம்.

அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? 1943-இல் அமெரிக்காவில், கழுத்துப் பட்டையால் இளம் ஆண்களின் மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். இன்றைக்கு எந்த அறக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது. சராசரியாக 7 வினாடிக்குள் அவர்கள் நினைவிழந்தார்கள். இந்தப் பத்தியைப் படித்துமுடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

அதனால்தான் ‘முன்பக்கம் அழுத்தாதே, பக்கவாட்டில் மட்டும் அழுத்து, பாதுகாப்பு’ என்று சுற்றிவரும் ‘டிப்ஸ்’ என்னைப் பதறவைக்கிறது. தமனிகள் ஓடுவதே பக்கவாட்டில்தான். ‘நிறுத்து என்று ஒரு சொல் வைத்துக்கொள்வோம்’ என்பதும் இங்கே உதவாது. கழுத்து அழுந்தியிருக்கும்போது பேச்சு வராது, தலை சுற்றத் தொடங்கியபின் யோசனையும் வராது. கையைத் தட்டிக் காட்டலாம் என்றால், நினைவு தப்பியவரின் கை எப்படித் தட்டும்? துணை அமைதியாகிவிட்டதை இன்பம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. கழுத்தை நெரிப்பதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது. மென்மையாக, கொஞ்ச நேரம், அனுபவமுள்ளவர் என்ற எந்த அடைமொழியும் இதை மாற்றாது.

‘தடமே இல்லை, ஒன்றும் ஆகவில்லை’

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், கழுத்து நெரிக்கப்பட்டதாகக் காவல்துறைக்கு வந்த 300 குடும்ப வன்முறை வழக்குகளை 1990-களில் ஆராய்ந்தார்கள். பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. ஆகவே கண்ணாடியில் பார்த்துத் திருப்தியடைவதில் பொருளில்லை.

உள்ளே தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். சில மணி நேரத்திலும் வரலாம், சில நாட்களோ வாரங்களோ கழித்தும் வரலாம். இருபது வயதுக்காரருக்குப் பக்கவாதம் வந்தால், போன வாரம் நடந்த ‘விளையாட்டு’ யாருக்கும் நினைவுக்கு வராது. குரல் கம்முவது, எச்சில் விழுங்கும்போது வலிப்பது, கண்ணிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள், விடாத தலைவலி, கழுத்து வலி, பார்வை மங்குவது, நடந்ததில் ஒரு பகுதி ஞாபகத்தில் இல்லாதது, தன்னை அறியாமல் சிறுநீர் போயிருப்பது, உடலின் ஒரு பக்கம் மரத்துப்போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவு தப்பியிருந்தால், பிறகு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

லைக் போட்டால் சம்மதமா?

இந்த மீம்களில் ஆசை எப்போதும் பெண்ணின் வாயிலிருந்துதான் வருகிறது. அவள் கேட்கிறாள், அவன் செய்கிறான். நடுவில் ‘உனக்கு இது வேண்டுமா?’ என்ற கேள்வி வந்து நான் ஒரு மீமிலும் பார்த்ததில்லை. கேள்வி வந்தால் காமெடி போய்விடும். இதைப் பார்த்து வளரும் பையன், கேட்காமல் செய்வதுதான் ஆண்மை என்று எடுத்துக்கொள்கிறான். அந்த மாதிரி மீமுக்கு அவள் எப்போதோ சிரிப்பு எமோஜி போட்டதை ஒப்புதலாக வைத்துக்கொள்கிறான். சிரிப்புக்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமே இல்லை. முத்தத்துக்குச் சொன்ன ‘சரி’ கழுத்துக்குச் செல்லாது. நேற்றைய ‘சரி’ இன்றைக்கும் செல்லாது.

பையன்கள் பக்கமும் ஒரு சுமை இருக்கிறது, அதை நாம் பேசுவதே இல்லை. மென்மையாக இருப்பவனை ‘வனிலா’, அதாவது சுவாரசியம் இல்லாதவன், என்று கிண்டல் செய்யும் மீம்கள் ஒரு தனி வகை. தனக்கே பிடிக்காத, பயமாக இருக்கிற ஒன்றை, அவள் எதிர்பார்ப்பாளோ என்று நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவளும் அவன் எதிர்பார்ப்பான் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறாள். இருவருக்கும் வேண்டாத ஒன்று, இருவரும் வாய் திறக்காததால் நடந்துவிடுகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

சட்டம் இதை விளையாட்டாகப் பார்ப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழியாக, உயிர் போகாவிட்டாலும் கழுத்தை நெரிப்பதே தனிக் குற்றமாக்கப்பட்டது. 2022 ஜூன் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கடுமையான பாதிப்பு ஏற்பட்டுவிட்டால், அவள் சம்மதித்தாள் என்ற வாதத்தை அந்தச் சட்டம் ஏற்பதில்லை.

கருத்தடை பற்றிய மீம்களும் இதே ரகம்தான், அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விந்து வெளிவருமுன் விலகிக்கொள்வதைச் சாமர்த்தியமாகக் காட்டும் படங்களை நம்பினால், அதை மட்டுமே கடைப்பிடிக்கும் 100 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 20 பேர் கருவுறுவார்கள். ஆணுறையில் இது 13 பேர் அளவில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாக அணிந்தால் 2 பேர்தான். சொல்லாமல் ஆணுறையைக் கழற்றுவதைச் சிரிப்பாகக் காட்டும் மீம்களும் உண்டு. அது துணையின் சம்மதத்தை மீறும் வன்செயல். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 120 மணி நேரம் வரை பலன் தரும் வேறொரு மாத்திரையும் உண்டு. இரண்டுமே பாலியல் தொற்றைத் தடுக்காது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. இதையெல்லாம் எந்த மீமும் சொல்லாது.

பெரியவர்கள் செய்யும் தவறு

பிள்ளையின் போனில் இப்படியொரு படத்தைப் பார்த்ததும் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வது. ‘ச்சீ, இதையெல்லாமா பார்க்கிறாய்?’ என்று கேட்பது. அந்த ஒரு ‘ச்சீ’யில் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பிறகு எது நடந்தாலும் நம்மிடம் வராது. அந்தப் படத்தையே ‘விழிப்புணர்வு’ என்று எழுதிக் குடும்பக் குழுக்களில் பரப்புவது இன்னொரு தவறு. திட்டுவதற்காகப் பகிர்ந்தாலும் அல்காரிதத்துக்கு அது பகிர்வுதான்.

வேறொரு வழி இருக்கிறது. ‘இதுல என்னம்மா காமெடி? எனக்குப் புரியல, கொஞ்சம் சொல்லேன்’ என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். ஒரு ஜோக்கை விளக்கச் சொன்னால், அது எதன்மேல் நிற்கிறதோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரும். ‘அது வந்து... கழுத்தைப் பிடிச்சா பிடிக்குமாம்’ என்று இழுக்கும்போதே அவர்களுக்கே ஏதோ நெருடும். ‘பிடிக்குமான்னு அந்தப் பொண்ணைக் கேட்டாங்களா?’ என்று ஒரு கேள்வி. பிறகு அந்த 7 வினாடிக் கணக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. காரில் போகும்போது, பாத்திரம் துலக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்காத நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம்.

பேச்சு எங்கேயாவது ஓரிடத்தில் நின்று, ‘என் ஃப்ரெண்டுக்கு இப்படி நடந்துச்சு’ என்று தொடங்கலாம். அந்த ஃப்ரெண்ட் யார் என்று துருவாதீர்கள். ‘எப்போ நடந்துச்சு? மயக்கம் வந்துச்சா? இப்போ எச்சில் முழுங்கினா வலிக்குதா? தலை வலிக்குதா?’ என்று மட்டும் கேளுங்கள். ஒன்றுக்கு ‘ஆமா’ என்று வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். கழுத்து ரத்தக்குழாய்களை சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனையாக இருந்தால் நல்லது. அங்கே ‘கழுத்து வலி’ என்று சுருக்கிச் சொன்னால் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடும். ‘கழுத்தைக் கையால் அழுத்தினார்கள், இத்தனை நாளைக்கு முன்னால்’ என்றே சொல்லுங்கள்.