முட்டை சிக்கி மீண்ட கோழிக்கு

வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் உட்காரவைத்த பிறகுதான் எங்கள் கோழி கருப்பிக்குச் சிக்கியிருந்த முட்டை வந்தது. அதுதான் வந்துவிட்டதே என்று உடனே கூட்டத்தோடு விட்டுவிடாதீர்கள். பின்புறம் சிவந்திருந்தால் மற்ற கோழிகள் கொத்தியே புண்ணாக்கிவிடும். ஈரம் போகத் துடைத்து, பஞ்சாரக் கூடையில் தனியாகக் கவிழ்த்து, காற்று போக இடம்விட்டுச் சாக்கு போட்டு 4 நாள் வைத்திருந்தேன். வெளிச்சம் குறைந்தால் அடுத்த முட்டை கொஞ்சம் தள்ளிப்போகும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். தினமும் எச்சம் பார்ப்பேன் (வீட்டில் சிரிப்பார்கள்). மறுபடி வாலைத் தொங்கப்போட்டு முக்கினாலோ, சதை வெளியே தெரிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.