ரவுட்டர் ஐபி முகவரி தராதபோது எங்கே பார்ப்பது

வைஃபை சின்னம் முழுமையாகத் தெரிந்தும் இணையம் வராதபோது, பலர் முதலில் ரவுட்டரின் பின்புற ரீசெட் துளைக்குள் ஊசியை விட்டு அழுத்துகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்; இணைப்புத் தந்த நிறுவனம் பதிந்த அமைப்புகளும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும். முதலில், சாதனத்துக்கு என்ன ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) கிடைத்திருக்கிறது என்று வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தில் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் அது 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வராததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். மின்தடைக்குப் பின் ரவுட்டர் முழுமையாக எழும்புவதற்குள் மடிகணினி கேட்டுவிட்டாலும் இப்படி நேரலாம். வைஃபையை நிறுத்தி மீண்டும் போட்டால் சரியாகிவிடும். எல்லாச் சாதனங்களிலும் இதே நிலை நீடித்தால் ரவுட்டரில் டிஎச்சிபி இயங்குகிறதா என்றும், ஒன்றில் மட்டுமென்றால் அதில் முகவரி கையால் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதிக நேரத்தை விழுங்குவது இரண்டாவது ரவுட்டரால் வரும் கோளாறுதான். மட்டக்களப்புப் பக்கம் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ பின்னால் அறை கட்டிய வீட்டில், சிக்னல் எட்டவில்லை என்று தொலைபேசிக் கம்பி வழி இணையத்துக்கான பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டரை அங்கே மாட்டுவார்கள். இரண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் இருந்து, இரண்டுமே முகவரி வழங்கத் தொடங்கினால், முன்கூடத்தில் ஓடும் இணையம் பின்னறையில் நின்றுவிடும். பழையதைத் தனியே கழற்றி, மடிகணினியுடன் கேபிளால் இணைத்து, உலாவியில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அந்தப் புதிய முகவரியில் நுழைந்து டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, இரு ரவுட்டர்களையும் கேபிளால் லேன் துளையிலிருந்து (வீட்டுச் சாதனங்களை இணைக்கும் துளை) லேன் துளைக்கு இணையுங்கள். பிரதான ரவுட்டர் வழங்கும் முகவரிகள் 192.168.1.10 இலிருந்து தொடங்கட்டும். அப்போதுதான் இரண்டும் மோதாது.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கும் நாட்களில் புதிய கைத்தொலைபேசிகளுக்கு மட்டும் முகவரி கிடைக்கவில்லையென்றால், வழங்கும் வரம்பு தீர்ந்திருக்கலாம். ரவுட்டரில் முகவரியின் கடைசி எண் 100 முதல் 110 வரை என்று பதிந்திருந்தால் 11 சாதனங்களுக்கே இடமுண்டு. அதை 200 வரை நீட்டுங்கள். முகவரியின் தவணை (ஒரு சாதனத்துக்கு அது ஒதுக்கப்பட்டிருக்கும் நேரம்) 24 மணித்தியாலம் என்றிருந்தால், விருந்தினர் போகும்வரை 2 மணித்தியாலமாகக் குறைத்து வையுங்கள்.