பழைய அமெரிக்கச் சக்கரங்களை அளந்து வாங்கிப் பூட்டும் முறை

1960களின் அமெரிக்க மசில் கார்களோடு (பெரிய எஞ்சினுள்ள வேகக் கார்கள்) சேர்த்தே நினைக்கப்படும் வெளிச்சந்தைச் சக்கரங்கள் (கார் நிறுவனமல்லாத பிறர் தனியே விற்பவை) இரண்டு: அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் 1963இல் வெளியிட்ட ஐந்து ஆரக்கால் டார்க் திரஸ்ட், அதற்கடுத்த ஆண்டு வந்த குரோம் பூசிய கிரேகர் எஸ்.எஸ். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பழைய வாகனம் ஒன்றைப் பேணுபவர் இவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் வழியாகவே வாங்க வேண்டியிருக்கும். பொருந்தாத சக்கரத்தைத் திருப்பி அனுப்பக் கப்பற்கூலி இடம்தராது. ஆகவே படத்தைப் பார்த்து விலை பேசாமல், முதலில் அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் அளவு, ஸ்டட் (சக்கரத்தைப் பூட்டும் திருகாணி) நுழையும் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஃபோர்ட் முஸ்டாங்கின் ஐந்து துளை வட்டம் 114.3 மில்லிமீற்றர், செவர்லே கமாரோவுக்கு 120.65. ஐந்து துளைகளில் எதிரெதிர் துளைகள் இல்லாமையால், அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து 1.701ஆல் பெருக்க வேண்டும். அந்தத் தூரம் முஸ்டாங்கில் ஏறத்தாழ 67.2, கமாரோவில் 70.9 மில்லிமீற்றர். வேறுபாடு நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால் நாடா போதாது, நுண்ணளவு காட்டும் வேர்னியர் வேண்டும்.

இரண்டாவது அளவான பேக்ஸ்பேசிங்கில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைக் கவிழ்த்து, பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, அதிலிருந்து ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் அச்சுத்தலை) படியும் முகம் வரையுள்ள ஆழத்தை அளக்க வேண்டும். ரிம்மின் அகலம் டயர் அமரும் இடங்களுக்கிடையே சொல்லப்படுவதால், 7 அங்குலச் சக்கரம் விளிம்போடு விளிம்பு ஏறத்தாழ 8 அங்குலம் இருக்கும். அதில் பேக்ஸ்பேசிங் 4 அங்குலமானால் ஒஃப்செட், அதாவது அம்முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் விலகியுள்ள தூரம், பூச்சியம். இங்கே ஓடும் ஜப்பானிய கார்கள் பலவற்றிலும் 114.3 வட்டமே உள்ளது என்பதால் இச்சக்கரங்களை அவற்றில் பூட்டிப்பார்க்கும் ஆசை இயல்புதான். ஆனால் முன்சக்கர இயக்கமுள்ள கார்களின் ஒஃப்செட் பெரும்பாலும் 35 மில்லிமீற்றருக்கு மேல் இருப்பதால், பழைய சக்கரம் மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். பெயரிங்கின் சுமையும் கூடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பல கார்களுக்கும் பொருந்தும்படி துளைகளை நீள்வட்டமாக வெட்டிய யுனி-லக் சக்கரங்களும் உண்டு. அவற்றுக்குரிய வாஷர்களும், தண்டு நீண்ட நட்டுகளும் சேர்ந்து வராவிட்டால் வாங்க வேண்டாம். சாதாரணக் கூம்பு நட்டு அத்துளையில் சரியாக அமராது. சில நாள் தாங்குவதுபோல் தோன்றிப் பிறகு தளரும்.

சக்கரம் கைக்கு வந்ததும் நன்றாகக் கழுவி, துளைகளைச் சுற்றியும் ஆரக்கால்களின் அடியிலும் வெடிப்பு உள்ளதா என நிறமூடுருவித் திரவம் (வெடிப்புக்குள் புகுந்து அதை நிறத்தால் காட்டுவது) கொண்டு சோதியுங்கள். வெடித்த வார்ப்பை ஒட்டவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். அக்காலச் சக்கரங்களில் சில மக்னீசியத்தால் ஆனவை: பூச்சில்லாத இடத்தில் ஒரு துளி வினாகிரி விட்டால் மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் நுரைக்காது. மக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதைக் கிரைண்டரில் தேய்க்கக் கூடாது. உப்புக் காற்றிலும் அது விரைவில் அரிபடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே, கல்லடியிலோ காத்தான்குடியிலோ வசிப்பவர் அலுமினியத்தைத் தேர்வதே நல்லது.

கிரேகரில் எஃகு ரிம்மும் அலுமினிய நடுப்பகுதியும் சந்திக்கும் மூட்டில் ஈரமும் உப்பும் தங்கினால் அரிப்பு அங்கிருந்தே தொடங்கும். உவர்ப்பில்லாத நீரால் கழுவித் துடைத்து, அந்த மூட்டில் மெழுகு பூசி வையுங்கள். மாரிக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். குரோமின் மேலோட்டமான துருவை, நனைத்த அலுமினியத் தாளால் மெதுவாகத் தேய்த்தே நீக்கலாம். அமிலக் கழுவிகள் பூச்சில்லாத அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும்.

பூட்டும்போது ஹப் முகத்தின் துருவைச் சுரண்டி எடுத்து, நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில் படிப்படியாக இறுக்குங்கள். ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்காவது நட்டின் புரி ஏறியிருக்க வேண்டும். அரை அங்குல ஸ்டட்டுக்கு 100 நியூட்டன் மீற்றரளவு இறுக்கம் போதும். அதை டோர்க் ரென்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் சாவி) கொண்டே இறுக்குங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒருமுறை ஓடித் திரும்பி, சக்கரம் ஆறியபின் ஒவ்வொரு நட்டையும் மீண்டும் அதே அளவில் சரிபாருங்கள்.